தூரத்து மாட்டுப் பண்ணையில் ஒரு கலப்புக் குடும்பம்



போர்ட் கிள்ளான் துறைமுகத்துக்கு எத்தனையோ வகைச் சரக்குக் கப்பல்கள் வருகின்றன. ஆஸ்திரேலியாவிலிருந்து உயிருள்ள மாடுகளை ஏற்றிவரும் கப்பல்களும் அவற்றுள் உண்டு. தோட்டத்தில் மாடு வளர்த்துப் பழகியவர்கள் அந்த மாடுகளைப் பார்த்தால் சற்று வியந்து போவார்கள். வெள்ளைக்காரர் நாட்டு மாடுதானே என்று எண்ணிப் பார்த்தால், முதுகில் திமில் இருக்கும். கழுத்தடியில் அலைதாடி தொங்கும். காதும் நீண்டு தாழ்ந்திருக்கும். நம் ஊர் மாட்டின் சாயல் அப்படியே தெரியும்.

அதில் வியப்பில்லை. அவற்றுள் பல பிராமன் என்னும் இனத்தைச் சேர்ந்தவை, அல்லது அந்த இனத்தோடு கலந்தவை. இந்தியாவின் ஓங்கோல், கிர், குசராத்து முதலிய இனங்களை அமெரிக்காவுக்குக் கொண்டுபோய்க் கலந்து உருவாக்கியதே பிராமன் இனம். ஓங்கோல் மாட்டை நெல்லூர் மாடு என்றும் சொல்வார்கள். சென்னைக்கு வடக்கே சற்றுத் தொலைவில் இருப்பதுதான் அந்த நெல்லூர். 1933-ஆம் ஆண்டு இந்த இனம் அமெரிக்காவிலிருந்து ஆஸ்திரேலியாவின் குயீன்ஸ்லாந்துக்கு வந்தது. ஐரோப்பிய மாடுகள் வடபகுதியின் வெயிலிலும் உண்ணித் தொல்லையிலும் நலிந்துபோயின. திமில் மாடோ காய்ந்த புல்லைத் தின்று, வெயிலைத் தாங்கி நின்றது. ஆகவே, இரத்தக் கலப்பு மாட்டுக்கு நல்லது என்று பண்ணைக்காரர்கள் முடிவு செய்தார்கள்.

ஆனால், அதே பண்ணைகளில் கலப்பு இரத்தத்தோடு பிறந்த மனிதக் குழந்தைகளை அந்த நாட்டுச் சட்டம் எப்படி நடத்தியது? அந்தக் குடும்பங்கள் எப்படி வாழ்ந்தன? இன்றைய பேச்சில் இதைத்தான் பார்க்கப் போகிறோம். கேட்டுக்கொண்டே வரும்போது, இது நம் தோட்டத்துக் கதைபோல் இருக்கிறதே என்று உங்களுக்குப் பல இடங்களில் தோன்றும்.

ஆஸ்திரேலியாவில் பெரிய மாட்டுப் பண்ணையை 'ஸ்டேஷன்' என்று சொல்கிறார்கள். அது இரயில் நிலையமும் அல்ல, போலீஸ் நிலையமும் அல்ல. வேலியே கண்ணில் படாத பெரும் நிலப்பரப்பு அது. நம் சிலாங்கூர் மாநிலத்தைவிடப் பரப்பில் பெரிய பண்ணைகளும் அங்கே இருக்கின்றன. ஒரு பண்ணை வீட்டிலிருந்து அடுத்த பண்ணை வீட்டுக்குப் போக ஒரு நாள் பிடித்த காலமும் உண்டு. ஆற்றில் மழைக்காலத்தில் மட்டும்தான் தண்ணீர் ஓடும். மற்ற நாட்களில் ஆழ்குழாய்க் கிணற்றிலிருந்து காற்றாடி இயந்திரம் இறைக்கும் நீரே மாட்டுக்கும் மனிதருக்கும் உயிர்.

மழையில்லாத மாதங்களில்தான் பெரிய வேலைகள் நடக்கும். ஆண்கள் குதிரையேறிப் பல நாள் சுற்றி, காட்டில் சிதறிக் கிடக்கும் மாடுகளைத் திரட்டி வருவார்கள். கன்றுகளைப் பிடித்துப் பண்ணையின் சூட்டுக்குறி போடுவார்கள். விற்கும் மாடுகளைப் பிரித்து, வாரக் கணக்கில் நடத்தியே சந்தைக்கு ஓட்டிச் செல்வார்கள். பிற்காலத்தில்தான் லாரியும் ஹெலிகாப்டரும் வந்தன. பெண்கள் பண்ணை வீட்டில் சமைத்தார்கள், துணி வெளுத்தார்கள், தோட்டத்துக்கு நீர் பாய்ச்சினார்கள். சில பண்ணைகளில் பெண்களும் குதிரையேறி மாடு திரட்டியதுண்டு.

இந்த வேலையில் பெரும் பகுதியைச் செய்தவர்கள் அந்த மண்ணின் பூர்வகுடி மக்கள். எந்த மாதத்தில் எந்தப் பள்ளத்தில் தண்ணீர் நிற்கும், மாடு எங்கே போய் ஒதுங்கும் என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும். பண்ணை வருவதற்கு முன்பே அது அவர்கள் பாட்டன் பூட்டன் நிலம்.

மேட்டில் துரை பங்களா, பள்ளத்தில் தொழிலாளர் லயம் என்ற அமைப்பு நமக்குப் புதிதல்ல. அங்கேயும் அப்படித்தான். பண்ணை வீடு ஒரு பக்கம். ஓடைக்கரையில் தகரமும் கிளையும் கொண்டு கட்டிய குடில்கள் மறு பக்கம். வேலைக்குக் கூலியாகப் பல பண்ணைகளில் கோதுமை மாவு, தேயிலை, சீனி, புகையிலை, உப்பிட்ட மாட்டிறைச்சி ஆகியவற்றைத்தான் கொடுத்தார்கள். காசு என்பது பெயரளவுக்கு இருந்தது. சில இடங்களில் அதுவும் இல்லை.

பண்ணைக்கு வந்த வெள்ளையருள் பலர் குடும்பம் இல்லாத ஆண்கள். அவர்களுக்கும் பூர்வகுடிப் பெண்களுக்கும் குழந்தைகள் பிறந்தன. சிலர் அன்போடு சேர்ந்து வாழ்ந்தார்கள். பலர் குழந்தையைத் தம்முடையது என்று ஒப்புக்கொள்ளவே இல்லை. சட்டமும் இதற்குத் துணை போயிற்று. ஆஸ்திரேலியாவின் வட பிரதேசத்தில் 1918-இல் வந்த ஒரு சட்டப்படி, பூர்வகுடிப் பெண்ணை வேற்று இனத்தார் மணக்க அரசாங்க அனுமதி வேண்டும். அனுமதியின்றிச் சேர்ந்து வாழ்வது குற்றம். இன்னொன்றையும் அந்தச் சட்டம் சொன்னது. பூர்வகுடிக் குழந்தைக்கும் கலப்புக் குழந்தைக்கும் சட்டப்படிப் பாதுகாவலர், அரசாங்கத்தின் தலைமைப் பாதுகாப்பு அதிகாரிதான். பெற்ற தாய் இருந்தாலும் அப்படித்தான்.

இங்கே ஒரு விளக்கம் தேவைப்படுகிறது. பூர்வகுடி மக்களின் உறவு முறை நம் தமிழர் உறவு முறைக்குப் பெரிதும் பக்கத்தில் இருக்கிறது. தாயின் தங்கையை நாம் சின்னம்மா என்கிறோம். அக்காளைப் பெரியம்மா என்கிறோம். இரண்டிலும் 'அம்மா' இருக்கிறது. மத்திய ஆஸ்திரேலியாவின் பூர்வகுடிகளுக்கும் தாயின் உடன்பிறந்தவள் தாயே. அவள் பிள்ளைகள் உடன்பிறப்புகளே. தந்தையின் சகோதரரும் தந்தையே. தாய்மாமன் வேறு முறை. ஆகவே, வெள்ளைக்காரத் தகப்பன் திரும்பிப் பார்க்காத குழந்தையும் அங்கே அனாதை அல்ல. அதற்கு நான்கைந்து தாய்மார் இருந்தார்கள், மாமன் இருந்தான், பாட்டி இருந்தாள். நிறம் சற்று வெளுத்திருந்தது என்பதற்காகப் பொதுவாக அதைத் தள்ளி வைக்கவில்லை.

அதிகாரிகளுக்கு இந்த உறவெல்லாம் கண்ணில் படவில்லை. அவர்கள் கண்டது வெளுத்த நிறமுள்ள ஒரு குழந்தையையும், ஏட்டில் நிரப்பப்படாத தகப்பன் பெயரையும்தான். அத்தகைய குழந்தைகளைப் பிடித்துத் தூரத்து விடுதிகளில் சேர்த்தார்கள். அதிகாரியின் வண்டி வரும் ஓசை கேட்டால், தாய்மார் பிள்ளையின் உடம்பெல்லாம் அடுப்புக் கரியைப் பூசிக் கறுப்பாக்கி ஒளித்து வைத்தார்கள். இப்படிப் பிரிக்கப்பட்டவர்களைத்தான் 'திருடப்பட்ட தலைமுறைகள்' என்று இன்று அந்த நாடு குறிப்பிடுகிறது.

இனி ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். ஆஸ்திரேலியாவின் நடுவில் ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் என்ற நகரம் இருக்கிறது. அங்கிருந்து வடகிழக்கே ஏறத்தாழ 250 கிலோமீட்டரில் யுட்டோப்பியா என்ற மாட்டுப் பண்ணை 1920-களில் உண்டாயிற்று. அதைத் தொடங்கியவர்கள் ஜெர்மானிய வழிவந்த குனோத் குடும்பத்தார். அந்தக் குடும்பப் பெயரோடு அங்கே 1937-இல் பிறந்தவர் ரோசலி குனோத். அவருடைய பாட்டனார் ஜெர்மானியர். தாயார் அன்மாட்யெர்ரா என்னும் பூர்வகுடி இனத்தவர். ரோசலி தாயின் மக்களோடு வளர்ந்தார். அவர்களுடைய மொழியையும் முறைமைகளையும் பெரியவர்களிடம் கற்றார். பள்ளிப் படிப்புக்காக ஏறத்தாழ 9 வயதில் ஆலிஸ் ஸ்பிரிங்சில் உள்ள செயிண்ட் மேரி விடுதிக்குப் போனார்.

அங்கிருந்தபோது சினிமா இயக்குநர் சார்லஸ் சாவெல் அவரைத் தேர்ந்தெடுத்தார். 1955-இல் வெளிவந்த 'ஜெட்டா' என்ற அந்தப் படம், ஆஸ்திரேலியாவின் முதல் வண்ணக் கதைப்படம். தூரத்துப் பண்ணை ஒன்றில், தன் குழந்தையை இழந்த வெள்ளைக்கார அம்மாள் ஒரு பூர்வகுடிப் பெண் குழந்தையை எடுத்து, அதன் சொந்த மக்களோடு பழகவிடாமல் வளர்ப்பதுதான் கதை. படத்தில் ரோசலியின் சொந்தப் பெயரைப் போடாமல் வேறொரு பூர்வகுடிப் பெயரைச் சூட்டினார்கள். தன்னுடைய பெயரைக்கூடத் தான் வைத்துக்கொள்ள முடியாத நிலை அது.

அதே யுட்டோப்பியாவில் 1948-இல் பிறந்த இன்னொரு பிள்ளை பீட்டர் கன்னர். தாய் பூர்வகுடிப் பெண், தந்தை வெள்ளையர். 1956-இல் அவரையும் அதே செயிண்ட் மேரி விடுதிக்குக் கொண்டு போனார்கள். அப்போது ஒரு விண்ணப்பத் தாள் தயாரானது. தன் மகனை அரசாங்கம் பொறுப்பேற்று வளர்த்துப் படிக்க வைக்குமாறு தாய் கேட்டுக்கொள்வதாக அதில் ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. கீழே தாயின் கைநாட்டு.

பிற்காலத்தில் கன்னரும், வேறொரு பூர்வகுடிக் குடியிருப்பிலிருந்து கொண்டு போகப்பட்ட லோர்னா குபில்லோ என்ற அம்மையாரும், தங்களைத் தாயிடமிருந்து பிரித்தது தவறு என்று அரசாங்கத்தின்மேல் வழக்குப் போட்டார்கள். 2000-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் தீர்ப்பு வந்தது, வழக்குத் தள்ளுபடியாயிற்று. கன்னர் விஷயத்தில், தாய் வைத்த அந்தக் கைநாட்டையே அவளுடைய சம்மதம் என்று நீதிமன்றம் எடுத்துக்கொண்டது. ஆங்கிலம் எழுதப் படிக்கத் தெரியாத ஒரு தாயின் விரல் ரேகை, 44 ஆண்டுகளுக்குப் பிறகு அவள் மகனுக்கு எதிராகவே நின்றது.

நேயர்களே, இந்த இடத்தில் நம் தோட்டத்துப் பெரியவர்கள் ஒரு கணம் யோசித்திருப்பார்கள். சம்பள நாளில் வரிசையில் நின்று, கிராணி காட்டிய இடத்தில் பெருவிரலை அழுத்திய நினைவு பலருக்கு இருக்கும். அந்தத் தாளில் என்ன எழுதியிருந்தது என்று எத்தனை பேர் கேட்டோம்?

மறுபடியும் பண்ணைக்கு வருவோம். இத்தனை துன்பத்துக்கு இடையில் அந்த மக்கள் சும்மா இருந்துவிடவில்லை. 1966-ஆம் ஆண்டு ஆகஸ்டு 23-ஆம் நாள், வேவ் ஹில் என்ற பெரும் பண்ணையில், குரிஞ்சி இனத்து மாட்டுத் தொழிலாளர்களும் வீட்டு வேலைக்காரர்களும் குடும்பம் குடும்பமாக வேலையை விட்டு வெளியேறினார்கள். ஏறத்தாழ 200 பேர். அவர்களுக்குத் தலைவர் வின்சென்ட் லிஞ்சியாரி. பண்ணையை நடத்தியது வெஸ்டி என்ற ஆங்கிலேயக் குழுமம். வெள்ளைத் தொழிலாளிக்குச் சமமான கூலி வேண்டும் என்பது முதல் கோரிக்கை. சிறிது காலத்தில், எங்கள் நிலத்தையே திருப்பித் தாருங்கள் என்று அது வளர்ந்தது. பசியையும் மழையையும் பொறுத்துக்கொண்டு ஆண்டுக் கணக்கில் ஓடைக்கரையில் உட்கார்ந்தார்கள். 1975 ஆகஸ்டு 16-இல் பிரதமர் கஃப் விட்லம் நேரில் வந்து, நிலத்தின் உரிமைப் பத்திரத்தைக் கொடுத்து, ஒரு பிடி மண்ணை அள்ளி லிஞ்சியாரியின் கையில் இட்டார்.

சம கூலி பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அதற்கான தீர்ப்பு 1966-இலேயே வந்தது; ஆனால் நடைமுறைக்கு வர 1968 டிசம்பர் வரை அவகாசம் கொடுத்தார்கள். அது நடைமுறைக்கு வந்ததும் பல பண்ணைக்காரர்கள், இவ்வளவு கூலி கொடுக்க முடியாது என்று சொல்லிக் குடும்பங்களையே வெளியேற்றினார்கள். வேலை போனதும் வீடும் போயிற்று. தோட்டம் துண்டாடப்பட்டபோதும், பால்மரத்தை வெட்டி வீடமைப்புத் திட்டம் வந்தபோதும் லயத்தை விட்டு இறங்கியவர்களுக்கு இந்த வேதனை விளங்கும். தொழுவத்து மாடுகளை வந்த விலைக்கு விற்றுவிட்டு நகரத்து அடுக்குமாடிக்குப் போன குடும்பங்கள் கிள்ளான் வட்டாரத்தில் எத்தனையோ. வேலை தருபவரின் கூரைக்குக் கீழ் குடியிருப்பவருக்கு இந்த ஆபத்து எப்போதும் உண்டு.

யுட்டோப்பியா மக்களுக்கு இந்த வகையில் ஒரு நல்ல காலம் பிறந்தது. 1976-இல் பூர்வகுடி நில நிதி ஆணையம் அந்தப் பண்ணையின் குத்தகையை விலைக்கு வாங்கியது. அதே ஆண்டில் வட பிரதேசத்துக்கான நில உரிமைச் சட்டமும் நிறைவேறியது. அந்தச் சட்டப்படி நிலம் தங்களுடையது என்று மெய்ப்பிக்க வேண்டும். எழுத்துப் பத்திரம் இல்லாதவர்கள் என்ன சான்று காட்டுவார்கள்? எந்தப் பாறை எந்தக் குடிக்கு உரியது, எந்த நிலத்துக்கு எந்தப் பாட்டு என்பதை அவர்கள் எடுத்துரைத்தார்கள். பெண்கள் தங்கள் சடங்கு ஆட்டத்தையும் ஆடிக் காட்டினார்கள். சில ஆண்டுகளில் நிலம் அவர்கள் பெயருக்கு வந்தது. ஒருகாலத்தில் மாவுக்கும் சீனிக்கும் உழைத்த இடத்தில், ஆங்காங்கே சிறு குடியிருப்புகள் அமைத்து உறவினரோடு வாழத் தொடங்கினார்கள்.

இன்னொரு செய்தி உங்களுக்குச் சுவையாக இருக்கும். 1977-இல் யுட்டோப்பியாப் பெண்கள் ஒரு கைத்தொழிலைக் கற்றார்கள். மெழுகைத் துணியில் இட்டுச் சாயம் ஏற்றும் பாத்திக்! நம் கிளந்தான், திரங்கானுப் பெண்களுக்குக் கைவந்த அதே கலைதான். அப்படிப் பாத்திக் செய்தவர்களுள் ஒருவர் எமிலி காமே நுவாரே. இளமையில் மாட்டுப் பண்ணைகளில் உழைத்தவர். ஏறத்தாழ 80 வயதை நெருங்கும்போதுதான் கித்தான் துணியில் ஓவியம் தீட்டத் தொடங்கினார். 1996-இல் அவர் காலமானார். 2007-இல் அவருடைய ஓர் ஓவியம் 10 இலட்சம் ஆஸ்திரேலிய டாலருக்கும் மேல் விலை போயிற்று. வயதாகிவிட்டது, இனி என்ன கற்கப் போகிறோம் என்று சொல்லும் பாட்டிமார் இதை நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

ரோசலி என்ன ஆனார்? படத்துக்குப் பிறகு நடிகையாகத் தொடரவில்லை. மெல்பர்னில் சுமார் 10 ஆண்டுகள் கன்னியாஸ்திரியாக இருந்தார். அதை விட்டு வந்து, 1970-இல் மணம் செய்துகொண்டு ரோசலி குனோத்-மாங்க்ஸ் ஆனார். பூர்வகுடிப் பிள்ளைகளுக்கு இல்லம் நடத்தினார். பிறகு தம் மண்ணுக்கே திரும்பி, தாய்மொழிக்காகவும் நில உரிமைக்காகவும் கடைசி வரை பேசினார். வட்டார மன்றத்தின் தலைவராகவும் பணியாற்றினார். 2022 ஜனவரி 26-இல், 85-ஆம் வயதில் மறைந்தார். பாட்டனாரின் பெயரை அவர் விடவில்லை. தாயின் மொழியையும் விடவில்லை. இரண்டையும் ஒருசேர வைத்துக்கொண்டு வாழ்ந்தார்.

பிள்ளைகளைப் பிரித்த கொடுமைக்காக 2008 பிப்ரவரி 13-ஆம் நாள் ஆஸ்திரேலிய நாடாளுமன்றத்தில் பிரதமர் கெவின் ரட் நாட்டின் சார்பில் மன்னிப்புக் கேட்டார். பலருக்கு அது ஆறுதல். ஆனால், அந்தச் சொல்லைக் கேட்க உயிரோடு இல்லாத தாய்மார் பலர்.

நேயர்களே, இதையெல்லாம் இவ்வளவு விரிவாகச் சொன்னதற்கு ஒரு காரணம் உண்டு. நம் தோட்டங்களிலும் கலப்புக் குடும்பங்கள் இருக்கின்றன. வறுமையாலோ வேறு காரணத்தாலோ சீனத் தாய் கொடுத்த பெண் குழந்தையை வாங்கி, மஞ்சள் பூசிக் குளிப்பாட்டி, தன் பால் கொடுத்து வளர்த்த தமிழ்த் தாய்மாரை நாம் அறிவோம். அந்தப் பெண்கள் தமிழ் பேசி, பூச்சூடி, பேரன் பேத்தி கண்டிருக்கிறார்கள். லயத்தில் யாரும் அவர்களை வேற்றுப் பிள்ளை என்று சொல்லவில்லை. இது நாம் பெருமைப்பட வேண்டிய ஒன்று.

ஆனால், அன்பு மட்டும் போதவில்லை என்பதையும் பார்த்திருக்கிறோம். குழந்தையை வாங்கியபோது முறையாகப் பதிவு செய்யாமல் விட்டதால், அடையாளக் கார்டு கிடைக்காமல், பள்ளியிலும் வேலையிலும் அலைந்தவர்கள் உண்டு. நம் வயிற்றில் பிறந்த பிள்ளைகளிலும், பெற்றோர் திருமணத்தைப் பதியாததால் இதே தொல்லைக்கு ஆளானவர்கள் உண்டு. ஊர் முழுவதும் 'இவள் நம் வீட்டுப் பிள்ளை' என்று சொன்னாலும், அலுவலகத்தில் கேட்பது தாளைத்தான். யுட்டோப்பியாத் தாய்க்கு நேர்ந்ததும் அதுதான். உறவு அத்தனையும் அவள் பக்கம் இருந்தது. தாள் மட்டும் மற்றவர் கையில் இருந்தது.

ஆகவே, மூன்று காரியங்களைச் செய்யுங்கள். முதலாவது, வீட்டில் பிறந்த பிள்ளையானாலும் எடுத்து வளர்க்கும் பிள்ளையானாலும், காலம் தாழ்த்தாமல் தேசியப் பதிவிலாகாவுக்குப் போய்ப் பதிவு செய்யுங்கள். ஏற்கெனவே தவறிப் போயிருந்தால், வெட்கப்பட்டு மறைக்காமல், விவரம் தெரிந்தவரைத் துணைக்கு அழைத்துப் போய்க் கேளுங்கள். இரண்டாவது, படித்துப் புரியாத எந்தத் தாளிலும் கையெழுத்தோ கைநாட்டோ வைக்காதீர்கள். படித்த மகனையோ மகளையோ உரக்க வாசித்துப் பொருள் சொல்லச் செய்யுங்கள். அவசரப்படுத்துபவரிடம், "நாளைக்குத் தருகிறேன், ஐயா" என்று பணிவாகச் சொல்லித் தாளை வீட்டுக்குக் கொண்டு வாருங்கள். மூன்றாவது, உங்கள் குடும்பக் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். எந்தத் தோட்டத்தில் இருந்தோம், யார் யாருக்கு என்ன உறவு, எந்தப் பாட்டி எந்த இனத்திலிருந்து வந்தாள் என்று ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைக்கச் சொல்லுங்கள். நிலத்தைத் திரும்பப் பெற்ற அந்த மக்களுக்கு விசாரணையில் கைகொடுத்தது, அவர்கள் மறக்காமல் வைத்திருந்த அத்தகைய கதைகள்தான்.

அடுத்த முறை போர்ட் கிள்ளான் பக்கம் போகும்போது திமில் மாடுகளைக் கண்டால், அவை வந்த தூரத்தையும், அங்கே வாழும் மனிதரையும் பிள்ளைகளுக்குச் சொல்லிக் காட்டுங்கள். வீட்டுக்கு வந்ததும், பெட்டிக்குள் இருக்கும் பிறப்புப் பத்திரங்களை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். எல்லாருடையதும் இருக்கிறதா என்று எண்ணிப் பாருங்கள்.